தண்ணீர் ஒன்பது மணிக்கு வந்த நாள்

நம் கல்லூரியில் பாடம் எடுக்கப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தங்கைகளே, தம்பிகளே, நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இனிமேல் எனக்கு யாரும் மெமோ கொடுக்க முடியாது. ஆகவே நான் சொல்வதைக் கொஞ்சம் நம்பலாம்.

நீங்கள் சேர்ந்த முதல் வாரத்தில் யாராவது உங்களை உட்கார வைத்து, "நம் மாணவிகள் வாழ்க்கையில் ரொம்ப அடிபட்டவர்கள், கனிவாக நடந்துகொள்ளுங்கள்" என்று சொல்லியிருப்பார்கள். கனிவில் தப்பில்லை. ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு பரிதாபப் பார்வையும் வரும் பாருங்கள், அதை மட்டும் செருப்போடு சேர்த்து வாசலிலேயே கழற்றிப் போட்டுவிட்டு வகுப்புக்குள் போங்கள். நானும் அந்த வகுப்பில் மாணவியாக உட்கார்ந்திருந்தவள்தான். என்னைப் பரிதாபமாகப் பார்த்தவர்களின் முகம் ஒவ்வொன்றும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நம் கல்லூரியைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாராவியில் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடியில் இரண்டு அறைகள், ஒரு தகர பீரோ. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பெண்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து ஒரு வருடம் படித்து டிப்ளமோ வாங்கிப் போகிற சமுதாயக் கல்லூரி. முதல் பேட்சில் நானும் வாங்கினேன். பிறகு அதே அறையில் பாடம் எடுத்தேன், தேர்வுகளை நடத்துகிற ஒருங்கிணைப்பாளர் ஆனேன், முழங்கால் தேய்ந்தபின் வீட்டுக்கு வந்தேன். இப்போது செம்பூரில் மகள் வீட்டில் இருக்கிறேன்.

ஒருமுறை பெரிய கேமராவோடு ஒருவர் வந்தார். ஒரு மாணவியை நிறுத்தி, "குடும்பத்தையே எதிர்த்துக்கொண்டா இங்கே படிக்க வந்தீர்கள்?" என்று கேட்டார். அவள் கொஞ்சமும் யோசிக்காமல், "இல்ல சார், மாமியார்ட்ட பிள்ளையைக் குடுத்துட்டு வந்தேன்" என்றாள். அவருக்கு முகம் தொங்கிப் போய்விட்டது. அழுகிற படம் கிடைக்காமல் திரும்பிப் போனார். நம் பெண்கள் குடும்பத்தை உதறிவிட்டு வருகிறவர்கள் அல்ல. குடும்பத்தையும் இழுத்துக்கொண்டு வருகிறவர்கள். அது உதறுவதைவிடக் கஷ்டமான வேலை, நிறைய சத்தம் போட வேண்டியிருக்கும்.

படித்து முடித்தவர்கள் சேவை செய்ய வேண்டும் என்பது நம் கல்லூரி வழக்கம். சேவை என்றால் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொள்வது என்று நினைத்துவிடாதீர்கள். ஒருத்தியின் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போவது, ரேஷன் கடையில் இன்னொருத்திக்காகச் சண்டை போடுவது, சாயங்காலத்தில் கல்லி என்கிற சந்துகளில் இருக்கிற சின்னப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்து நாலு எழுத்து சொல்லிக் கொடுப்பது, இதெல்லாம்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இதை நம்பித்தான் அன்றைக்கு ஒரு காரியத்தில் இறங்கினேன்.

புஷ்பம் என்று ஒருத்தி மழலையர் கல்வி டிப்ளமோ படித்தாள். புருஷன் அருணாசலம் இட்லி வியாபாரி. விடிகிறதற்கு முன்னால் சைக்கிளில் இட்லி வைத்த ஏனத்தைக் கட்டிக்கொண்டு மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் போய்விடுவார், ஆபீஸ் போகிறவர்கள் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். மாவு ஆட்டுவது புஷ்பம். சாயங்காலம் கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்திலேயே பிள்ளைகளை உட்கார வைத்துப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பாள். கிரைண்டர் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி அவளுக்கு நல்ல கணீரென்ற குரல் வந்துவிட்டது. சுனாபட்டியில் ஒரு பால்வாடியில் ஜூன் மாதம் டீச்சர் வேலை காலியாக இருந்தது. டிப்ளமோவோடு வந்தால் வேலை அவளுக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். எழுத்துத் தேர்வு முடிந்திருந்தது. செய்முறைத் தேர்வு ஒன்றுதான் பாக்கி. சின்னப் பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்து, வெளியிலிருந்து வருகிற தேர்வாளர் பார்க்க, பாடம் நடத்திக் காட்ட வேண்டும்.

தேர்வைக் காலை ஒன்பது மணிக்கு வைத்திருந்தோம். எப்போதும் அப்படித்தான். அந்தப் பக்கத்துக் கல்லிகளில் விடியற்காலையில் தண்ணீர் வந்து போய்விடும், பிடித்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தேர்வுக்கு வரலாம். நம் கல்லூரியில் கால அட்டவணை போடுகிறவள் முதலில் குழாயைப் பார்க்க வேண்டும், பிறகுதான் கடிகாரத்தை.

தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம் புஷ்பம் மாடியேறி வந்தாள். பெரிய குழாயில் ஏதோ ரிப்பேர் என்று அதற்கு முன்பே இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை.

"டீச்சர், நாளைக்குத் தண்ணி ஒம்பது மணிக்குத்தான் வருதாம். அதை விட்டா எப்பம் வரும்னு தெரியாது. எங்க கல்லியில யாரும் பரீட்சைக்கு வர முடியாது டீச்சர்."

தேர்வாளருக்குப் போன் செய்தேன். கல்யாணில் இருக்கிற தமிழ் அம்மாள், மரியாதையாகத்தான் பேசினார். "டேட் மாத்த எனக்கு பவர் இல்லை டீச்சர். நாளைக்கு விட்டா அடுத்த வருஷம்தான்" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குக் கொடுத்த வேலையை அவர் செய்தார்.

அப்புறம்தான் பழைய மாணவிகளின் வாட்ஸப் குழுவில் குரல் பதிவு ஒன்று போட்டேன். எழுதினால் பாதிப் பேர் தமிழைத் தடவித் தடவிப் படிப்பார்கள், அதற்குள் தண்ணீர் வந்து போய்விடும். "நாளைக்கு நம்ம பிள்ளைங்களுக்குப் பரீட்சை, தண்ணி புடிக்க ஆள் வேணும், வாங்கட்டி" என்றேன். சாயங்காலம் ஐந்து மணிக்குள் புஷ்பத்தின் கல்லி முனையில் ஒரு கூட்டமே நின்றது. ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், நர்சரி டீச்சர், தையல் வேலைக்காரி, கைக்குழந்தைக்காரி என்று எல்லாரும். முன்னால் நின்றவள் மும்தாஜ். அவள் வாப்பா தோல் பட்டறை வைத்திருந்தவர். இவள் நம்மிடம் படித்து தேவ்நாரில் பால்வாடி டீச்சராக இருந்தாள். மறுநாளைக்கு லீவு சொல்லிவிட்டே வந்திருந்தாள்.

பரீட்சைக்குப் போகிறவர்களின் இடத்தில் நாங்கள் வரிசையில் நின்று பிடித்துக் கொடுக்கிறோம் என்று குழாயடிப் பொறுப்பாளி சந்திரா அக்காவிடம் போய்ச் சொன்னோம். சந்திரா அக்கா தலையை ஆட்டினாள், குறுக்காக.

"அந்தந்த வீட்டுக்கு அந்தந்த வீட்டாள்தான் புடிக்கணும். வெளியாளுக்கு இங்ஙன வேலை இல்ல."

அது அவளுடைய அதிகாரத் திமிர் இல்லை. முன்பு கூலியாட்களை வரிசையில் நிறுத்திக் கேன் கேனாகப் பிடித்து வெளியே விற்ற கூட்டம் ஒன்று இருந்தது. அதை விரட்டத்தான் இந்தக் கல்லிப் பெண்கள் சண்டை போட்டு அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதை உடைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மும்தாஜ்தான் பேசினாள். "யக்கா, வீட்டாள்னா ஆம்பளையும் வீட்டாள்தானே?"

குழாயடியில் நின்ற அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். அந்தக் குழாயடியில் ஆண்பிள்ளை யாரும் நின்றதே கிடையாது. பெண்கள் துணி துவைக்கிற, தலை முடிந்துகொள்கிற, மனம்விட்டுப் பேசுகிற இடம் அது. ஆண்கள் வந்தால் பெண்களுக்குச் சங்கடம், வந்த ஆணுக்கு மானக்கேடு என்று இரண்டு பக்கமும் சேர்ந்து பூட்டி வைத்திருந்த பூட்டு.

"எந்த ஆம்பளை இங்ஙன கொடம் தூக்கியிருக்கான்?" என்றாள் சந்திரா அக்கா.

"தூக்கட்டுமே. கை ஒடிஞ்சா போயிரும்? வீட்டாளா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க."

சந்திரா அக்கா இடுப்பில் கைவைத்தாள். "ரூல்னா ரூல்தான். வீட்டாள் வந்தா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா லைனை விட்டு வெலகுனா கடைசிக்குத்தான் போகணும். அது ஆம்பளைக்கும் சேர்த்துத்தான்" என்றாள்.

அப்புறம் நாங்கள் வீடு வீடாகப் போனோம். கெஞ்சவில்லை, அதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வாசலில் கூட்டமாகப் போய் நின்றால் மறுப்பது கஷ்டம். ஒருவர் முறைத்தார், ஒருவர் பல்லைக் கடித்தார், ஒருவர் முதுகுவலி என்றார். முதுகுவலிக்காரரிடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள், "எங்க வலி, காட்டுங்க அண்ணே" என்று கிட்டே போனாள், வலி சரியாகிவிட்டது. எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள், அருணாசலத்தைத் தவிர.

"நீங்க சொன்னா நான் தட்டமாட்டேன் டீச்சர். ஆனா காலையில நான் மாட்டுங்காவுல நிக்கணும். போகலேன்னா கஸ்டமர் வேற சைக்கிள்ட்ட போயிருவான்" என்றார் சைக்கிளைத் துடைத்தபடி.

"ஒரு நாள்தானே அண்ணாச்சி?"

"அதுவும் இல்லாம, குழாயடியில போய் நின்னா பயலுவ என்ன பேசுவானுவ?"

உள்ளே கிரைண்டர் நின்றது. புஷ்பம் வாசலுக்கு வந்தாள், கை முழுக்க மாவு.

"இருந்த கடைசித் தண்ணியில இன்னைக்கு ஆட்டியாச்சு. இது நாளைக்கு விக்கதுக்கு. நாளைக்குத் தண்ணி புடிச்சாத்தான் நாளன்னைக்கு இட்லி. தண்ணி புடிக்கது உங்க சோலி. தண்ணி இருந்தா நான் ஆட்டுதேன். இல்லேன்னா வெறும் சைக்கிளை உருட்டிட்டுப் போங்க. நான் பரீட்சைக்குப் போறேன்."

அவர் சைக்கிள் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நாங்கள் கிளம்பிவிட்டோம்.

மறுநாள் தேர்வாளர் சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். மாணவிகளும் வந்தார்கள், மடிப்புக் கலையாத சேலையும் கையில் சுருட்டிய படங்களுமாக. புஷ்பம் வரவில்லை. அதைவிடப் பெரிய அடி இன்னொன்று காத்திருந்தது. பாடம் கேட்க வர வேண்டிய பிள்ளைகளில் ஒன்றுகூட வரவில்லை.

அந்தப் பிள்ளைகள் அதே கல்லிப் பிள்ளைகள். அவர்களைக் கூட்டிக்கொண்டு வர வேண்டியவர்கள் குழாயடியில் நின்றார்கள். பிள்ளைகளும் ஆளுக்கொரு பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலை வைத்துக்கொண்டு அங்கேயே நின்றன. தண்ணீர் வருகிற நாளில் நான்கு வயதுக் கைக்கும் அங்கே வேலை உண்டு. அம்மாக்களை எப்படி விடுவிப்பது என்று அத்தனை பேர் கூடி மூளையைக் கசக்கினோமே, பிள்ளைகளை ஒருத்திகூட நினைக்கவில்லை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் படித்தவர்கள் எங்களில் பாதிப் பேர், சிரிக்காதீர்கள்.

"குழந்தைங்க இல்லாம நான் என்ன பார்க்கறது? எல்லாருக்கும் ஆப்சென்ட் போட்டுடறேன் டீச்சர். எனக்கும் வருத்தம்தான்" என்றார் தேர்வாளர். பேனாவைத் திறந்துவிட்டார்.

இந்த இடத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். அந்த நேரத்தில் என் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. தேர்வாளர் காலில் விழுவது ஒன்று. குழாயடிக்கு ஓடி வரிசையிலிருந்து பிள்ளைகளையும் தாய்மார்களையும் இழுத்துக்கொண்டு வருவது இன்னொன்று. முதலாவது என் குணத்துக்கு ஒத்துவராது. இரண்டாவதைச் செய்தால், எங்கள் தேர்வுக்காக அத்தனை வீட்டு டிரம்மும் காலியாகக் கிடக்கும். படிப்புக்காகத் தண்ணீரை விடு என்று சொல்கிற கல்லூரி எங்களுக்கு எதற்கு? எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கோபம் வந்தால் எனக்குப் புத்தி நன்றாக வேலை செய்யும்.

"எழுந்திருங்கட்டி" என்று மாணவிகளிடம் சொன்னேன். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். தேர்வாளரின் குடையை நானே எடுத்துக்கொண்டு, "வாங்க மேடம், பிள்ளைங்க இருக்கிற இடத்துக்குப் போவோம்" என்றேன்.

"வெளியில எப்படி நடத்தறது? யாராவது கேட்டா?"

"என் பேரைச் சொல்லுங்க. மெமோ வந்தா எனக்கு வரட்டும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். குடை என் கையில் இருந்தது, வெளியே வெயில் கொளுத்தியது. வந்தார்.

குழாயடியில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆண்கள் நின்றார்கள். தலையைக் குனிந்தபடி, குடத்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்கள்போல. இரண்டு பேர் ஏற்கெனவே பிடித்துவிட்டு வழியெல்லாம் சிந்திக்கொண்டே போனார்கள். பெண்கள் சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வரிசையின் நடுவில் தேர்வுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கக்கத்தில் சுருட்டிய படத்தோடு புஷ்பம் நின்றாள். பக்கத்தில் நீல டிரம். காலைப் பிடித்துக்கொண்டு அவளுடைய நான்கு வயது மகள்.

"அவுக போயிட்டாக டீச்சர். சொல்லாமலே சைக்கிளை எடுத்துட்டுப் போயிட்டாக" என்றாள். கண் கலங்கவில்லை. தாடை மட்டும் இறுகியிருந்தது.

சந்திரா அக்கா தன் வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைக் கொண்டுவந்து சுவரோரம் நிழலில் போட்டாள். தேர்வாளர் உட்கார்ந்தார். பாட்டிலும் கையுமாக நின்ற பிள்ளைகளை எதிரே உட்கார வைத்தோம். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. மாணவிகள் ஒவ்வொருத்தியாகப் பாடம் நடத்த ஆரம்பித்தார்கள். இந்தப் பக்கம் காய்கறிப் பாட்டு, அந்தப் பக்கம் "ஜல்தி, ஜல்தி" என்று அவசரப்படுத்துகிற குழாயடிச் சத்தம்.

வரிசையும் நகர்ந்தது, பெயர்ப் பட்டியலும் நகர்ந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் புஷ்பத்திடம் வந்து நின்றன. குழாயில் அவளுக்கு முன்னால் ஒரே ஒரு குடம். இங்கே தேர்வாளர் அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

நான் சந்திரா அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. பழைய மாணவிகள் அத்தனை பேர் கைகட்டி நின்றார்கள், ஒருத்தியும் அந்த டிரம்மைத் தொட முடியாது. விலகினால் கடைசி. கடைசிக்குப் போகிறவருக்குத் தண்ணீர் இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது.

"அடுத்தவங்களைக் கூப்பிடட்டுமா?" என்றார் தேர்வாளர்.

"கடைசிப் பேரே அவதான் மேடம்" என்றேன்.

புஷ்பம் டிரம்மைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு செருகியிருந்த சேலையை உதறி இறக்கிவிட்டாள்.

"போகட்டும்" என்றாள். மகள் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தாள். சந்திரா அக்கா அந்த டிரம்மைத் தூக்கிக் கடைசியில் கொண்டுபோய் வைத்தாள்.

நான் இத்தனை வருடத்தில் எத்தனையோ பட்டமளிப்பு விழா பார்த்திருக்கிறேன். கருப்பு அங்கியும் தொப்பியுமாகப் பெண்கள் மேடை ஏறும்போது எல்லாரும் கை தட்டுவார்கள். எனக்கு அழுகை வந்தது அங்கெல்லாம் இல்லை. அந்தக் குழாயடியில்தான் வந்தது.

அவள் கொண்டுவந்த படம் சிங்கம், யானை. விரித்தால் பாதி நனைந்து சாயம் இறங்கியிருந்தது. அதைச் சுருட்டி ஓரமாகப் போட்டுவிட்டுப் பிள்ளைகளின் பாட்டில்களை வாங்கி வரிசையாக வைத்தாள். எது பெரிசு, எது சின்னது, எது நிறைஞ்சது, எது காலி என்று கேட்டாள். பிள்ளைகள் "காலி! காலி!" என்று கத்தின. அந்தக் கிரைண்டர் குரல் கல்லி முழுக்கக் கேட்டது. வரிசையில் நின்ற பெண்கள்கூடப் பதில் சொன்னார்கள். எந்தப் பாட்டில் சீக்கிரம் நிறையும் என்று கேட்டபோது வரிசையிலிருந்த ஓர் ஆண்பிள்ளை தப்பாகச் சொல்லி, பிள்ளைகள் அவரைத் திருத்தின.

"லெசன் பிளான்ல சிங்கம், யானைன்னுதானே இருக்கு?" என்று தேர்வாளர் கேட்டார்.

"நனைஞ்சு போச்சு மேடம். இதைத்தான் நடத்துவேன்" என்றாள் புஷ்பம். நடத்தினாள்.

பாடம் பாதியில் இருக்கும்போது கல்லி முனையில் ஒரே கூச்சல். அருணாசலம் ஓடிவந்தார், சைக்கிள் இல்லாமல், சட்டையெல்லாம் வியர்வை.

நடந்தது இதுதான். மும்தாஜைக் காலையிலிருந்து காணோமே என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் காலையில் கல்லிக்கு வந்தபோதே அருணாசலம் கிளம்பிப் போனதைக் கேள்விப்பட்டு நேரே மாட்டுங்காவுக்குப் போயிருக்கிறாள். சைக்கிளைச் சுற்றி ஆபீஸ் போகிறவர்கள் தட்டும் கையுமாக நின்றுகொண்டிருக்க, எல்லாரும் கேட்கிற மாதிரி, "சார், இவரு வீட்டம்மாவுக்கு இன்னைக்குப் பரீட்சை. தண்ணி லைன்ல நிக்க ஆள் இல்ல. இட்லியை நான் விக்கேன், இவரைப் போகச் சொல்லுங்க" என்று சொல்லியிருக்கிறாள். அருணாசலம், "சும்மா காலி பீலி பேசாத" என்று சீறியிருக்கிறார். டை கட்டிய ஒருவர் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு, "நீங்க கிளம்புங்க அண்ணாச்சி, அந்தம்மா போடட்டும்" என்றாராம். அப்புறம் ஒருவரும் அவர் கையால் வாங்கவில்லையாம்.

அவர் வந்ததும் நேராகப் புஷ்பம் நின்ற பழைய இடத்துக்குப் போனார். சந்திரா அக்கா கையை நீட்டி மறித்தாள்.

"கடைசிக்குப் போங்க அண்ணாச்சி."

அவர் கடைசியில் போய் நீல டிரம் பக்கத்தில் நின்றார். கல்லிப் பையன்கள் விசிலடித்தார்கள். அவர் காது சிவந்துவிட்டது, ஆனால் நகரவில்லை. அங்கிருந்தே புஷ்பம் பாடம் நடத்துவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு முன் அவர் அதைப் பார்த்ததில்லை, மாவு ஆட்டுகிற நேரத்தில் அவர் வழக்கமாகத் தூங்கிக்கொண்டிருப்பார்.

தேர்வாளர் புஷ்பத்துக்குத் தேர்ச்சி போட்டார். படம் இல்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்துத்தான் போட்டார். அதில் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. கிளம்பும்போது, "இடம் மாறினதை நான் ரிப்போர்ட்ல எழுதியாகணும் டீச்சர்" என்றார். எழுதிக்கொள்ளுங்கள் என்று குடையைத் திருப்பிக் கொடுத்தேன்.

அருணாசலத்தின் முறை வந்தபோது குழாய் விரல் தடிமனுக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நிறைந்த டிரம்மைத் தூக்க முடியாது என்று நீல டிரம்மை வெறுமனே வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, ஒழுகியது நிற்கும்வரை வாளி வாளியாகப் பிடித்து வீட்டுக்குச் சுமந்தார். பிறகு வேர்வையைத் துடைத்துக்கொண்டு புஷ்பத்திடம் பெருமையாகக் காட்டினார். கதவுக்குப் பின்னால் இருந்த கருப்பு டிரம்மில் ஊற்றி வைத்திருந்தார். அது பாத்திரம் கழுவிய தண்ணீரும் சோப்பும் கிடந்த டிரம். மாவுக்குரியது மூடி போட்ட நீல டிரம் என்பது அந்த வீட்டில் நான்கு வயதுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். புஷ்பம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். பிறகு சிரித்தாளாம், நிறுத்த முடியாமல்.

மறுநாள் காலை என்னை மாட்டுங்காவில் இருக்கிற, கல்லூரியை நடத்துகிற அறக்கட்டளையின் அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ரிப்போர்ட் அதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அனுமதியில்லாமல் தேர்வு இடத்தை மாற்றியதற்கு எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். ரயிலில் உட்கார்ந்து மனதுக்குள் எழுதிக்கொண்டே போனேன். தவிர்க்க முடியாத சூழ்நிலை, மனப்பூர்வமாக வருந்துகிறேன், இனி இப்படி நடக்காது. எல்லாரும் எழுதுவதுதான். எனக்கும் சம்பளம் வேண்டும், எனக்கும் பிள்ளைகள் இருந்தார்கள்.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் வழக்கமான இடத்தில் அருணாசலம் நிற்கிறார். சைக்கிள் இருக்கிறது, ஏனம் இல்லை. வெறும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஆபீஸ்காரர்கள் ஒவ்வொருவராக வருகிறார்கள், பார்க்கிறார்கள். நேற்றுத் தட்டைக் கீழே வைத்த அந்த டைக்காரரோ யாரோ கேட்டார்.

"என்ன அண்ணாச்சி, இன்னிக்கு இட்லி இல்லையா?"

நான் தூண் மறைவில் நின்றுவிட்டேன். தண்ணீர் இல்லை என்று சொல்லலாம். உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். அந்த மனிதர் நிமிர்ந்து நின்று, அந்தப் பக்கம் போனவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சொன்னார்.

"இல்ல சார். எங்க வீட்டு டீச்சருக்கு நேத்துப் பரீட்சை. நான்தான் தண்ணி புடிச்சேன். புடிக்கத் தெரியல. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

நான் மாடியேறி அலுவலகத்துக்குப் போனேன். நாற்காலி போட்டார்கள், தாளும் பேனாவும் கொடுத்தார்கள். ரயிலில் எழுதி வைத்திருந்த வருத்தம் எதுவும் எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்: "அடுத்த வருடமும் தண்ணீர் ஒன்பது மணிக்கு வந்தால், தேர்வு குழாயடியில்தான் நடக்கும்."

அதற்கு அவர்களிடமிருந்து இன்றுவரை பதில் இல்லை. ஒருவேளை வந்தால் நீங்கள் வாங்கி அந்தத் தகர பீரோவில் வையுங்கள். வைத்துவிட்டு, நாளைக்கு எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று சந்திரா அக்காவிடம் கேட்டு வாருங்கள்.